ஓடிட்டு வா

ஆறு வருடத்தில் லெஸ் எல்லர்பி ஐந்து டிரம்மர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். ஐந்து பேர்மீதும் ஒரே குற்றச்சாட்டு.

ஓடுகிறான்.

தாளத்தை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் அது. மற்ற குழுக்களில் ஓடினால் ஒரு முறைப்பு, மிஞ்சிப்போனால் ஒரு வசவு. லெஸ்ஸின் குழுவில் ஓடினால் வேலை போய்விடும். ஏனென்றால் லெஸ் எல்லர்பி என்றாலே மெதுவான ப்ளூஸ்தான். அவன் கிதாரில் ஒரு சுரம் பிறந்து அடுத்த சுரம் வருவதற்குள் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடித்துவிடலாம் என்று லீட்ஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார். கேலியாகத்தான் எழுதினார். லெஸ் அதைக் கத்தரித்துக் கிதார்ப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டான்.

அந்த மெதுவை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது ஹல் துறைமுக நகரம் முழுக்கத் தெரிந்த கதை. அப்பா ஆர்தர் எல்லர்பி சரக்குக் கப்பலில் சமையல்காரர். லெஸ்ஸுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பால்டிமோரிலிருந்து ஒரு மின்சார கிராமபோனும் ஆறு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். அந்த ஊர் மின்சாரத்துக்கும் இந்த ஊர் மின்சாரத்துக்கும் ஆகாது என்று கனமான ஒரு இரும்புப் பெட்டியை நடுவில் வைத்து அவரே இணைத்துக் கொடுத்தார். அடுத்த பயணம் போனவர் திரும்பவில்லை. லாகோஸில் காய்ச்சல்.

ஆறு தட்டும் ஒரே ஆளுடையவை. சிகாகோக்காரர், பெயர் ஹோமர் கிளேபோர்ன். பாதாளத்திலிருந்து வருவதைப்போல ஒரு குரல். ஒவ்வொரு சொல்லும் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தது. அதிலும் 'கதவைத் திற' என்ற பாட்டு. 'வெளியே விடும்மா, பொழுது விடியுது, சேவல் கூவிடுச்சு' என்று ஒருவன் கெஞ்சுகிறான். தூக்குத் தண்டனைக் கைதி, கடைசி விடியல் என்று பையனுக்குப் புரிந்தது. பாட்டின் முடிவில் ஒரு விம்மல் வரும். அந்த விம்மலைக் கிதார்க் கம்பியில் கொண்டுவர லெஸ்ஸுக்கு நான்கு வருடம் பிடித்தது. இன்றைக்கு அவன் அந்தக் கம்பியை வளைத்தால், வலை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன மீன்பிடிக் கப்பல்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த கிராமபோனில் வேறு எந்தத் தட்டையும் வைக்க அவன் யாரையும் விட்டதில்லை. அம்மாவின் நடனப் பாட்டுகளுக்கு, கீழே முன்னறையில் வேறு கிராமபோன் இருந்தது; அந்த ஆறு தட்டுகளும் அதில் ஏறியதில்லை.

இப்போது அந்த ஹோமர் கிளேபோர்னே ஹல்லுக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு நகர மண்டபத்தில் நிகழ்ச்சி. உடன் வாசிப்பது லெஸ் எல்லர்பி குழு. லண்டன் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒலிப்பதிவு வண்டியோடு வருகிறார்கள். அவர்கள் வருவது ஒரே ஒரு பாட்டுக்காக. 'கதவைத் திற.' அது சரியாக அமைந்தால் லெஸ்ஸின் முதல் ஆல்பம்.

சனிக்கிழமை மதியம், மதுக்கடை மாடியில் ஒத்திகை. கிளேபோர்ன் அறுபது வயதுக்கு நன்றாகவே இருந்தார். பிப்ரவரிக் குளிருக்கு இரண்டு கோட்டு போட்டிருந்தார். டிரம்மர் கீத், ஆறாவது ஆள், லெஸ் பழக்கிய வேகத்தில் நான்கு எண்ணித் தொடங்கினான். கிளேபோர்ன் இரண்டு அடி கேட்டார். மூன்றாவது அடிக்கு முன் கையை நீட்டித் தாளத் தட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"யாருப்பா செத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். லெஸ்ஸும் சிரித்துவைத்தான். பெரியவர் விரலைச் சொடுக்கித் தன் வேகத்தை எண்ணிக் காட்டினார். சந்தைக்குப் போகிற பெண்பிள்ளையின் நடை. கீத் அதைப் பிடிக்க முயன்று தடுமாறினான். சுருதியும் லெஸ் பிடித்திருந்ததற்கு மேலே எங்கேயோ போனது. அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் குளிர் தாங்கவில்லை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

வயதாகிவிட்டது, அவசரப்படுகிறார் என்று லெஸ் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

*

கிளேபோர்ன் தங்கியிருந்தது லெஸ்ஸின் அம்மா எட்னாவின் வீட்டில். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எட்னா வழக்கப்படி முதலில் இனிப்பில்லாத மாவுப் பலகாரமான யார்க்‌ஷயர் புட்டிங்கை மட்டும் தட்டில் வைத்து வெங்காயக் குழம்பை ஊற்றினாள். கிளேபோர்ன் சுற்றிலும் பார்த்துவிட்டு, சர்க்கரைப் பாகு இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். எட்னா சிரித்துக்கொண்டே பாகு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். குழம்பின் மேலேயே அவர் பாகை ஊற்றிக்கொண்டதைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

இறைச்சி வந்தபோது எட்னா லெஸ்ஸின் பக்கம் திரும்பினாள்.

"டெக் நாளைக்குக் கிளம்புறானாம்டா. பத்தரைக்கு டாக்சி. ஜீன் சொன்னா."

லெஸ் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தான்.

"இருபத்தொரு நாள். இந்தக் குளிர்ல ஐஸ்லாந்துப் பக்கம். ஒரு வார்த்த பேசிட்டு வந்தா உன் கிரீடம் ஒண்ணும் எறங்கிடாது."

டெக் என்பது டெரெக் ஸ்கெல்டன். லெஸ்ஸின் தங்கை ஜீனின் கணவன். லெஸ்ஸின் முதல் டிரம்மரும் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் பெவர்லி ரோடு நடன அரங்கத்தில் நானூறு பேர் முன்னால், 'கதவைத் திற' பாட்டின் நடுவில், லெஸ் கையை உயர்த்திக் குழுவை நிறுத்தினான். ஒலிபெருக்கியில் சொன்னான்: "மாப்ள, ஓடணும்னா வெளிய போய் ஓடிட்டு வா. நாங்க காத்திருக்கோம்."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. டெக் குச்சிகளை மேளத்தின் மேல் சேர்த்து வைத்தான். கோட்டை எடுத்துக்கொண்டான். வெளியே போனான். வரவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் அவன் லெஸ்ஸிடம் தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தான். இது ஆடுற பாட்டு மச்சான், என் கால் சொல்லுது என்று. லெஸ் அவனுக்குச் சோகம் என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லியிருந்தான்.

அதன் பிறகு ஊரில் டெக்கைப் பார்த்தவர்கள் எல்லாம், என்னப்பா ஓடிட்டு வந்துட்டியா என்றார்கள். வேறு எந்தக் குழுவும் அவனைக் கூப்பிடவில்லை. ஓடுகிறவன் என்று லெஸ் எல்லர்பியே சொன்ன பிறகு யார் கூப்பிடுவார்கள்? ஆறு மாதத்தில் அவன் மீன்பிடிக் கப்பல் ஏறினான். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. அன்றிலிருந்து ஜீன் அண்ணனோடு பேசுவதில்லை. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மெதுவான பாட்ட என் வீட்டு வாசல்ல வந்து வாசி என்று மட்டும் ஒருமுறை சொல்லியனுப்பினாள்.

"நான் என்ன பேசணும்? ஓடினான், நிறுத்தினேன்" என்றான் லெஸ்.

எட்னா பேச்சை விட்டாள். விருந்தாளி முன்னால் சண்டை வேண்டாம் என்று எழுந்தவள், விருந்தாளியைக் குளிர்விக்க ஒரு காரியம் செய்தாள். மாடிக்குப் போய் லெஸ்ஸின் பழைய அறையில் அந்த கிராமபோனைப் போட்டுக் கதவைத் திறந்துவைத்தாள். படிக்கட்டு வழியாகக் குரல் இறங்கி வந்தது. வெளியே விடும்மா, பொழுது விடியுது.

கிளேபோர்னின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"யாரும்மா அது? பாவம், உடம்பு சரியில்லாத மனுசன் மாதிரி இருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எட்னா படிக்கட்டிலிருந்தே சிரித்தாள். லெஸ் சிரிக்கவில்லை. அவர் முகத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்து மாடி ஏறினார். லெஸ் பின்னாலேயே போனான். அவர் தட்டின் மேல் குனிந்து பெயர்ச் சீட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். பிறகு ஆட்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, சுழல்கிற பக்கமாகவே மெல்லத் தள்ளினார்.

குரல் எழுந்தது. பாதாளத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் மேலே வந்து, மெலிந்து, இளைத்து, முப்பது நாற்பது வயது ஆளின் குறும்புக் குரலாக மாறியது. பின்னால் மேளம் குதித்தது.

கிளேபோர்ன் சிரிக்க ஆரம்பித்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார்.

சிகாகோவில் பாட்டு சோறு போடாத காலத்தில் பதினோரு வருடம் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். கிராமபோனைச் சுவரிலிருந்து திருப்பிப் பின்பக்கத் தகட்டை நகத்தால் தட்டிக் காட்டினார். அறுபது என்று போட்டிருந்தது.

"எங்க ஊர் கரண்டு வினாடிக்கு அறுபது தடவ துடிக்கும் தம்பி. உங்க ஊர்ல அம்பதுதான். உங்கப்பா வெச்ச பெட்டி அழுத்தத்தக் கொறைக்கும், துடிப்ப மாத்தாது. அதனால இது ஓட வேண்டிய பாட்ட நடத்திக் கூட்டிட்டுப் போகுது."

லெஸ் கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்டான். அந்தக் கைதி?

எந்தக் கைதி என்று கேட்டார் கிளேபோர்ன்.

பிறகு சொன்னார். பாட்டில் வருகிறவன் அடுத்தவன் வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போனவன். புருஷன் திடீரென்று வந்துவிட, அவள் இவனைக் கோழிக்கூட்டில் தள்ளிப் பூட்டிவிடுகிறாள். விடிகிறது, சேவல் தலைமேல் ஏறிக் கூவுகிறது, அவன் உள்ளேயிருந்து கெஞ்சுகிறான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் அந்த இடத்தில் சேவல் மாதிரியே கூவுமாம்.

"நாளைக்கு ஜோரா, வேகமா வாசிச்சுடுவோம். அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு, இறைச்சி ஆறிவிடும் என்று அவர் கீழே இறங்கிப் போனார்.

லெஸ் கட்டிலில் உட்கார்ந்தான். விரலால் தள்ளினால் எந்தப் பாட்டும் வேகமாகத்தான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது நியாயமாகவும் பட்டது. தகட்டில் போட்டிருந்த அறுபதை மட்டும் அவன் மறுபடி பார்க்கவில்லை. நல்ல கிராமபோன் ஒன்றில் போட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் கீழே இருந்த நல்ல கிராமபோன் பக்கம் அவன் கால் போகவில்லை. அம்மா முன்னால், அந்தச் சிரிப்பு முன்னால், அது நடக்க வேண்டாம்.

அந்தத் தட்டைக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் தான் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போனபோது, இருட்டக்கூட இல்லை.

*

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஹோல்டர்னஸ் ரோட்டில் டன் என்பவரின் ரேடியோக் கடை வாசலில் லெஸ் நின்றான். ஒன்பதே காலுக்கு டன் சைக்கிளில் வந்தார். பூட்டு உறைந்திருந்தது. தீக்குச்சி கொளுத்திக் காட்டித் திறப்பதற்குள் ஒன்பதரை. கடையிலேயே விலையுயர்ந்த கிராமபோனைக் காட்டி, இதில் போடுங்கள் என்றான் லெஸ்.

ஊசி இறங்கியது.

கடையைத் துடைக்க வந்த பெண்மணி துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி இடுப்பை ஆட்டத் தொடங்கினாள். டன் மேஜையில் விரல் தட்டினார். விரல் தள்ளவில்லை. யாரும் எதையும் தள்ளவில்லை. வீட்டில் மூன்று நிமிடம் தாண்டி ஓடுகிற பாட்டு இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிவுக்கு வந்தது.

கடைசியில் அந்த விம்மல்.

அது விம்மல் இல்லை. ஹோமர் கிளேபோர்ன் பாட்டை முடித்துவிட்டு, அடக்க முடியாமல் 'ஹிக்' என்று சிரித்திருக்கிறார். அதைத்தான் லெஸ் நான்கு வருடம் பழகினான். அதற்குத்தான் ஒரு நகரமே ஆறு வருடமாக மூக்கைச் சிந்துகிறது.

இன்னொரு தரம் போடச் சொன்னான். இந்தத் தடவை குரலைக் கேட்கவில்லை. பின்னால் வாசித்த முகம் தெரியாத டிரம்மரைக் கேட்டான். இடது கை லேசாக முந்தி விழுகிறது. வலது கால் அதைத் துரத்துகிறது. சிரிப்புக்கு இடம்விட்டு ஒரு தாவல். இந்தக் கையை அவனுக்குத் தெரியும். பெவர்லி ரோடு மேடையில் அவன் நிறுத்தியது இதே கையைத்தான். டெக் இந்தத் தட்டைச் சரியான வேகத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

மாலை ஏழு மணி நிகழ்ச்சி லெஸ்ஸின் தலையிலிருந்து நழுவிப் போனது. கடைச் சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது.

பத்தரைக்கு டாக்சி. அதில் ஏறிவிட்டால் இருபத்தொரு நாள், ஓடுகிறவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஒருவன் கப்பல்மேல் உறையும் பனிக்கட்டியை வெட்டப் போகிறான். கடல் செய்யக்கூடிய மற்றதை லெஸ் நினைக்கவில்லை. அந்த ஊரில் அதை யாரும் நினைப்பதில்லை.

தட்டை உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினான்.

ஆற்றுப் பாலம் தூக்கியிருந்தது. ஹல்லில் எதற்குத் தாமதமானாலும் பாலம் தூக்கியிருந்தது என்பார்கள். பாதிப் பேர் சொல்வது பொய். இன்று பொய்யில்லை. நிலக்கரிப் படகு ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அவசரமே இல்லாமல் நகர்ந்தன. வாழ்நாள் முழுக்க மெதுவை விற்றுப் பிழைத்தவன் ஸ்டியரிங்கில் குத்தினான்.

பத்து பதினொன்றுக்குப் பாலம் இறங்கியது. நகரத்தின் நடுவே நுழைந்து மேற்குப் பக்கம் திரும்பினான். மீன் எரு ஆலையின் நாற்றம் வேனுக்குள் வந்தது. ஹெஸில் ரோடு நெருங்கிவிட்டது. பத்து இருபத்துமூன்று. முன்னால் ரயில்வே கேட் மூடியது. சரக்கு ரயில். மீன் பெட்டிகள். நாற்பது வேகன் எண்ணியும் முடியவில்லை.

லெஸ் தட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனைச் சாவியோடு நடுரோட்டில் விட்டான். பின்னாலிருந்த லாரிக்காரன் கொடுத்த பட்டங்களைக் காதில் வாங்காமல் நடைமேம்பாலத்தில் ஏறினான். இறங்கினான்.

ஓடினான்.

*

ஹெஸில் ரோட்டுத் தெருக்களில் கப்பல் கிளம்பும் நாளுக்கென்று சட்டம் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் துணி துவைக்கக்கூடாது. துவைத்தால் கடல் ஆளையும் சேர்த்து அலசிவிடும். பச்சை உடுத்தக்கூடாது. போய்வா என்று சொல்லக்கூடாது, கையசைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வாசல் தாண்டிவிட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் அவன் திரும்பக்கூடாது.

லெஸ் தெருவுக்குள் நுழைந்தபோது பத்து முப்பத்திரண்டு.

டெக் வாசலைத் தாண்டியிருந்தான்.

தெரு முனையில் டாக்சி உறுமிக்கொண்டு நின்றது. தோளில் மூட்டையோடு டெக் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. முன்னைவிட அகலமான முதுகு. இன்னும் இருபது எட்டு வைத்தால் வண்டி. வாசல் நிலையில் சாய்ந்து ஜீன் நின்றாள், இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு.

லெஸ் வாயைத் திறந்தான். டெக் என்ற ஒரே சொல். மூச்சு இரைத்ததால் அது உடனே வரவில்லை. அதற்குள் ஜீன் பார்த்துவிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கூப்பிட்ட, கொன்னுடுவேன்."

லெஸ் வாயை மூடினான்.

பதினைந்து எட்டு.

ஓடிப்போய் முன்னால் நிற்கலாமா? கப்பலுக்குப் போகிறவனின் வழியை மறிப்பது கூப்பிடுவதைவிட மோசம். கடிதம் எழுதலாமா? ஐஸ்லாந்துக் கடலுக்கு எந்தத் தபால்காரன் போகிறான்?

பத்து எட்டு.

ஜீனின் வாசலில் சாம்பல் வாளி இருந்தது. தகர மூடி போட்ட வாளி. லெஸ் அதன் முன் மண்டியிட்டான். இரண்டு கையும் வேண்டும் என்பது மட்டுமே அவனுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கியபோது கக்கத்திலிருந்து ஏதோ நழுவிக் கல்லில் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்க்கவில்லை.

அடித்தான்.

இடது கை லேசாக முந்தி. வலது கை அதைத் துரத்தி. கோழிக்கூட்டில் மாட்டிக்கொண்டவனின் பாட்டு, அதன் சொந்த வேகத்தில், ஓட்டமாக. அவன் டிரம்மர் இல்லை. விரல் முட்டி தகரத்தில் கிழிந்தது. சிரிப்புக்கு இடம்விட்டு வருகிற அந்தத் தாவலில் தடுக்கி விழுந்தான். முதலிலிருந்து மறுபடி அடித்தான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது.

டாக்சியை எட்டிவிட்ட டெக் நின்றான்.

திரும்பவில்லை. தோள் மூட்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. டாக்சி டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, என்னப்பா அது கூத்து என்று கேட்பது தெரிந்தது. லெஸ் அடித்துக்கொண்டே இருந்தான். தாவல் இந்த முறையும் தப்பியது.

டெக்கின் வலது கை மெல்ல எழுந்து டாக்சிக் கூரையில் படிந்தது. ஒரு கணம் அங்கேயே கிடந்தது. பிறகு விரல்கள் தட்டின. லெஸ் தப்பவிட்ட அந்தத் தாவலை மட்டும். ஒரே ஒரு தடவை. சுத்தமாக.

பிறகு டிரைவரிடம் சொன்னான், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"யாரோ ஓடிட்டு வந்திருக்கான்போல. விடு, போலாம்."

கதவு சாத்திக்கொண்டது. வண்டி திரும்பி மறைந்தது. யாரும் கையசைக்கவில்லை.

அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா, மூன்று வருடத்து வேம்பு இருந்ததா? முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? லெஸ் ரத்தம் கசிந்த முட்டியை வாயில் வைத்துக்கொண்டு தெரு முனையையே பார்த்தான்.

வாசல் கல்லில் தட்டு ஐந்தாறு துண்டாகக் கிடந்தது. பொறுக்கப் போனவனை ஜீன் தடுத்தாள்.

"அப்படியே கெடக்கட்டும். இன்னிக்கு இந்த வாசல்லேருந்து எதையும் பொறுக்கவும் கூடாது, பெருக்கவும் கூடாது. நாளைக்கு நானே எடுக்கறேன்."

லெஸ் தலையாட்டினான். அப்பாவின் கிராமபோனைப் பற்றி, அறுபது ஐம்பது பற்றி, விம்மலாக இருந்த சிரிப்பைப் பற்றி அவளிடம் முன்னும் பின்னுமாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். இரக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"அப்போ அவர் ஓடல" என்றாள்.

"ஓடல."

"இத நானூறு பேர் முன்னாடி சொல்லு. என் வாசல்ல சொல்லி என்ன?"

"சொல்றேன். இன்னிக்குச் சாயங்காலமே சொல்றேன்." சொல்லும்போதே இன்னொன்றும் முடிவானது. லண்டன்காரர்கள் வருவது அந்த ஒரு பாட்டுக்குத்தான். அதில் அவன் கிதார் இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும். "பெரியவர் அவர் பாட்ட அவர் இஷ்டப்படி பாடட்டும், நான் கைகட்டி நிப்பேன். வேகமாவும் வாசிக்க மாட்டேன், மெதுவாவும் வாசிக்க மாட்டேன். டெக் வந்து மேளத்துல உக்கார்ற வரைக்கும் அந்தப் பாட்டத் தொடமாட்டேன் ஜீன்."

ஜீனின் உதடு கோணியது. மூன்று வருடம் சேர்த்துவைத்த ஏளனமெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்தது.

"அவர் திரும்பி வருவாருன்னு உனக்கு யார் சொன்னா?"

குழுவுக்கு என்றுதான் நினைத்துச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. பைக்குள்ளிருந்து கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

இருவரும் தெரு முனையைப் பார்த்தார்கள். துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் நீளமாக வந்தது. அது எந்தக் கப்பலுடையது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜீன் கதவை அகலத் திறந்து உள்ளே போனாள். சாத்தவில்லை. கறுப்புத் துண்டுகள் எதையும் மிதித்துவிடாமல், லெஸ் பார்த்துப் பார்த்து உள்ளே கால் வைத்தான்.